தங்குகூறு, நீங்குகூறு: எக்ஸானுக்கும் இன்ட்ரானுக்கும் ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

மரபணுவைப் படியெடுத்த ஆர்.என்.ஏ.வில் கடைசிவரை தங்கும் துண்டு எக்ஸான், இடையில் வெட்டி நீக்கப்படும் துண்டு இன்ட்ரான். எக்ஸானைக் 'குறியீட்டுப் பகுதி' (புரதத்துக்கான குறியீடு உள்ள பகுதி) என்றும் இன்ட்ரானை 'வெற்றுப் பகுதி' என்றும் தமிழில் சொல்லலாம் என்று ஐயா ஒருவர் இந்த இழையில் எழுதியிருந்தார். கேட்டவுடன் புரிகிற சொற்கள்தான். ஆனால் இரண்டுமே பொருளில் இடறுகின்றன. பாடநூலில் ஏறிவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோழியின் ஓவால்புமின் மரபணுவை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்கருவில் மிகுந்திருக்கும் புரதத்துக்கான மரபணு அது. விலங்கு மரபணுக்கள் துண்டு துண்டாகக் கிடக்கின்றன என்று முதலில் காட்டிக்கொடுத்தவற்றில் இதுவும் ஒன்று. அதன் நீளம் ஏறக்குறைய 7,700 எழுத்து (டி.என்.ஏ. தொடரின் ஒவ்வோர் அலகும் ஒரு எழுத்து). அதைப் படியெடுத்த ஆர்.என்.ஏ., செம்மையான பிறகு சுமார் 1,870 எழுத்துதான். ஏழு இன்ட்ரான்கள் கழிந்து எட்டு எக்ஸான்கள் வரிசை மாறாமல் ஒட்டிக்கொள்கின்றன. சரி, அந்த 1,870 எழுத்தும் குறியீடா? இல்லை. புரதத்தில் இருப்பவை 385 அமினோ அமிலங்கள். ஓர் அமிலத்துக்கு மூன்று எழுத்து என, அவற்றுக்கு 1,155 எழுத்து போதும். மீதி எழுநூற்றுச் சொச்சம் புரதமாவதே இல்லை. முதல் எக்ஸானில் இருக்கும் 47 எழுத்துகளில் ஒன்றுகூடப் புரதத்துக்குப் போகாது. அதை எப்படிக் 'குறியீட்டுப் பகுதி' என்பது?

'வெற்று' என்பதும் அப்படித்தான். எலியின் எதிர்ப்பொருள் மரபணு ஒன்றில், படியெடுப்பை முடுக்கிவிடும் பகுதி இன்ட்ரானுக்குள் இருப்பதை 1983இலேயே கண்டார்கள். வேலை செய்கிற ஒன்றை வெற்று என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் என்ற அறிவியலாளர்கள் தனித்தனியே 1977இல் இந்தத் துண்டுபட்ட அமைப்பைக் கண்டறிந்தார்கள். அடுத்த ஆண்டே வால்ட்டர் கில்பர்ட் என்ற அறிவியலாளர் இரண்டு துண்டுகளுக்கும் பெயர் வைத்தார். எக்ஸான் என்பது வெளிப்படும் பகுதி, இன்ட்ரான் என்பது மரபணுவின் உள்ளே கிடக்கும் பகுதி. புரதக் குறியீடு என்ற பேச்சே அவர் வைத்த பெயர்களில் இல்லை. நாமும் துண்டுக்கு என்ன நேர்கிறது என்பதை வைத்தே பெயரிடலாம். படியில் தங்குவது தங்குகூறு, நீங்குவது நீங்குகூறு.

இவை வினைத்தொகைகள். ஏவுகணை என்றால் ஏவிய கணை, ஏவுகின்ற கணை, ஏவும் கணை என மூன்றுக்கும் இடமுண்டு. காலம் உள்ளே மறைந்திருக்கிறது. இங்கே அது வெறும் இலக்கண அழகு அல்ல. கால்சிட்டோனின் மரபணுவைப் பாருங்கள். தைராய்டு உயிரணுக்களில் அதன் நான்காம் துண்டு தங்கி, கால்சிட்டோனின் என்ற இயக்குநீர் பிறக்கிறது. நரம்பணுக்களில் அதே துண்டு நீங்கி, ஐந்தும் ஆறும் சேர, வேறொரு புரதக்கூறு பிறக்கிறது. ஒரே மரபணு, ஒரே துண்டு. தங்குமா நீங்குமா என்பதை உயிரணுதான் முடிவு செய்கிறது. 'தங்கிய பகுதி' என்று இறந்தகாலத்தில் கட்டிப்போட்டால் இது வராது. வினைத்தொகை தாங்குகிறது.

ஒரு மறுப்பு எழலாம்: டி.என்.ஏ.வில் எதுவும் நீங்குவதில்லையே? உண்மைதான், நீங்குவது படியிலிருந்து மட்டுமே. வகுப்பில் இதை ஒருமுறை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். எக்ஸான் என்று சொல்லும்போதும் அந்த விளக்கம் தேவைப்படத்தான் செய்கிறது.

இன்ட்ரானை நீக்கி எக்ஸான்களை இணைக்கும் செயலுக்கு (splicing) 'வெட்டி ஒட்டல்' வேண்டாம் என்பேன். கணினியில் வெட்டியதைத்தான் ஒட்டுகிறோம். இங்கே வெட்டியது கழிந்துபோகிறது. 'புணர்ச்சி' இலக்கணத்தில் அருமையாகப் பொருந்தும், மரம் + வேர் மரவேர் ஆகும்போது இடையில் மகரம் கெடுவதைப் போல. ஆனால் உயிரியல் நூலில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. 'கூறிணைப்பு' என்று வைத்தால் கால்சிட்டோனினில் பார்த்ததுபோல் ஒரே மரபணுவின் துண்டுகள் வெவ்வேறு விதமாக இணைவதற்கு 'மாற்றுக் கூறிணைப்பு' தானாகவே கிடைக்கும். ஒரு எக்ஸானை விட்டுத் தாவுவதற்குக் 'கூறுதாண்டல்' சரியா, 'கூறுவிடல்' சரியா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஒரு எக்ஸானைத் தாண்டவைக்கும் தசைநலிவு மருத்துவம் பற்றி எழுதும்போது அந்தச் சொல் அடிக்கடி தேவைப்படும். உங்களுக்கு எது நாவில் எளிதாக வருகிறது?