பெற்றோல் வரிசையில் தொடங்கின பழக்கம்: திருகோணமலை ஆக்கள், உங்கட கதையையும் சொல்லுங்கோ

உப்புவெளிக்காரன்:

போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் பழைய பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருத்தன் என்னைக் கண்டதும், "என்னடா மெலிஞ்சு போனாய், சீனி வருத்தமோ?" என்று கேட்டான். எங்கட ஊரில் ஒரு ஆள் மெலிஞ்சால் ஒன்றில் சீனி, இல்லாட்டில் கடன். ரெண்டும் இல்லை என்று சொன்னேன், அவன் நம்பவில்லை. அவனுக்குச் சொல்ல நேரம் கிடைக்காத கதையை இங்கே எழுதுகிறேன்.

2022 ஆனி மாதத்துப் பெற்றோல் தட்டுப்பாடு உங்களுக்கு மறந்திருக்காது. மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு இரவு முழுக்கக் கடைத் திண்ணையில் இருந்தேன். விடிய பெற்றோல் பவுசர் வரவில்லை. அடுத்த மாதம் கியூஆர் கோட் காட்டிப் பங்கீட்டில் பெற்றோல் அடிக்கிற முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். கந்தோருக்குப் போய்வர அது காணும். ஆனால் மூதூரில் மாமியார் தனிய இருக்கிறா, அவவைப் பார்க்கப் போக எண்ணெய் மிச்சம் பிடிக்க வேணும். ஆகவே குசினிக்குப் பின்னால் கிடந்த அப்பாவின் லுமாலா சைக்கிளை இழுத்து எடுத்தேன். அதன் ஹாண்டிலில் ரெண்டு வருஷமாகக் கோழி அடைந்துகொண்டிருந்தது. டயர் ரெண்டும் மாத்தி, செயினுக்கு எண்ணெய் விட்டு, கோழி எச்சத்தைச் சுரண்டி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

முதல் நாள் டவுணுக்கு மிதிக்கக் கச்சான் காற்று முகத்திலேயே அடித்தது. ஆடி மாதத்துக் கச்சானை மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்குத் தெரியாது, சைக்கிள்காரனைக் கேளுங்கோ. கந்தோரில் இறங்கும்போது சட்டை பிழிந்தால் தண்ணி வரும் நிலை. ஆனால் மூன்று மாதத்தில் 84 கிலோவில் இருந்து 79க்கு இறங்கினேன். அதுக்கெண்டு ஒன்றும் செய்யவில்லை, டயட்டும் இல்லை.

இனி உண்மையைச் சொல்ல வேணும். 2023இல் கியூஆர் முறையை எடுத்தார்கள். ஒரு கிழமைகூடத் தாண்டவில்லை, சைக்கிள் திரும்பக் கோழிக்கே போனது. காலமை நடக்கலாம் என்று சப்பாத்து வாங்கினேன், அது பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் மழை. அதுக்குப் பிறகு மழை விட்டதா விடவில்லையா என்று நான் பார்க்கவே இல்லை.

திருப்பிப் பிடித்துவிட்டது பக்கத்து வீட்டு மாமி. எழுபது தாண்டின மனுசி. வழமையாக மீன் கொண்டுவருகிறவர் வருத்தத்தில் விழுந்துவிட்டார். மதிலுக்கு மேலால், "தம்பி, கரையில வலை இழுக்கிறாங்கள். சூடை பட்டால் எனக்கு அரைக்கிலோ வாங்கித் தாவன்" என்றா. கையில் ஒரு பழைய உமலையும், அதுதான் பனையோலைப் பை, தந்தா. பொலித்தீன் பையில் கொண்டுவந்தால் மீன் வெந்து போகுமாம், அது மாமியின் சாத்திரம்.

கடற்கரை ஒழுங்கை முழுக்க மணல். மோட்டார் சைக்கிள் புதையும், சைக்கிள் என்றால் இறங்கி உருட்டலாம். அப்படித்தான் போனேன். கரைவலை இழுவையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், ஆனால் கயிற்றைப் பிடித்திருக்கிறீர்களா? வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஒரு கிழவர், "சும்மா நிக்கிறதுக்கு வந்தனியோ, பிடி" என்றார். இடுப்பில் கொடுத்துப் பின்பக்கமாக நடக்க வேணும். கையால் இழுத்தேன், உள்ளங்கைத் தோல் உரிந்தது. மீன் சேருகிற வலை மடி கரைக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அதுக்குள் இருந்தது முக்கால்வாசி சூடை, கொஞ்சம் நெத்தலி, நாலைந்து பாரைக்குட்டி, ஒரு செருப்பு. பிடித்த கூலியாக எனக்கு ஒரு கை மீன் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் மாமி வாசலில் சட்டியோடு நிற்கிறா. அடுத்த நாளும் நின்றா. அதுக்குப் பிறகு நான் படுத்துக் கிடக்க என்ன நியாயம் சொல்வது? கார்த்திகை, மார்கழியில் வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் தோணி இறங்காது, அப்ப எனக்கும் லீவு. அந்த ரெண்டு மூன்று மாதமும் எடை கூடுகிறது, மறைக்கவில்லை.

தம்பலகாமத்து மருமகள்:

அண்ணா, உங்கட மாமி மாதிரி எனக்கு வாய்த்தது கிளினிக் மிஸ்.

எங்கட வீட்டில் மாமனாருக்குச் சீனி. எனக்கு முப்பத்தாறு. 35 தாண்டின ஆக்களுக்குச் சும்மா பார்க்கிறார்கள் என்று அவரோடு போன இடத்தில் என்னையும் குத்திப் பார்த்தார்கள். எல்லைக்குப் பக்கத்தில் நின்றது. மிஸ் கேட்டா, ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி என்று. ஐந்து. எத்தனை கரண்டி? மூன்று. அவ ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினா: மட்டமாக அள்ளின தேக்கரண்டி சுமார் 4 கிராம், அப்ப பதினைந்து கரண்டி 60 கிராம். வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கிற சீனி 50 கிராமுக்குக் கீழே இருக்க வேணும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவாம். நான் பிஸ்கட்டைச் சொல்லவே இல்லை, வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சீனிப் போத்தலை ஒளித்தேன். பதிலுக்குப் பனங்கட்டி வாங்கினேன். பிளேன்ரீயோடு கடித்துக் குடிக்க நல்ல ருசி, நாலு பேரும் ஒரு கிழமையில் ஒரு குட்டான் (பனங்கட்டி வாற சின்ன ஓலைப்பெட்டி) முடித்தோம். பெருமையாக மிஸ்ஸிடம் சொன்னேன். "அதுவும் சீனிதான் அக்கா, நிறம்தான் வேற" என்றா. எனக்கு வெட்கமாகப் போச்சு. குரக்கன் பிட்டும் அப்படித்தான்: நல்லது என்று கேள்விப்பட்டு நீத்துப்பெட்டி நிறைய அவித்து மாமனாருக்குக் கொட்டினேன், ரெண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் சீனி ஏறி நிற்கிறது. மாவு மாவுதான், அளவு முக்கியம் என்று அப்பதான் விளங்கியது. இப்ப அரைப் பெட்டிதான். மிச்சக் கோப்பைக்கு முருங்கை இலை வறையும் வல்லாரைச் சம்பலும். இலை வாங்குவதில்லை, வேலியில் முருங்கை நிற்கிறது. கல்யாணமாகி பத்து வருஷம் அந்த வேலியைத் தாண்டிப் போய்த்தான் சந்தையில் கோவா வாங்கியிருக்கிறேன்.

சீனி குறைக்க முதல் நாலு நாளும் தலையிடி, எல்லாரோடும் சண்டை. இப்ப அரைக் கரண்டி. மாமனார் மட்டும் பெரியவர் என்ற உரிமையில் களவாக ஒரு கரண்டி போடுகிறார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

கிண்ணியா மவன்:

நமக்கு போன்தான் வருத்தம். இரவு ஒரு மணி, ரெண்டு மணிவரை படுத்துக்கிட்டே பார்க்கிறது. சுபஹுக்கு உம்மா தட்டினாத்தான் எழும்புவேன், தொழுதுட்டு வந்து திரும்பப் படுக்கை.

வாப்பாட முழங்கால் வைத்தியத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னார். தனிய விட ஏலாது, நான் கூடப் போகணும். கிண்ணியாப் பாலம் நீளம் 396 மீற்றர். ரெண்டு தரம் போய் வந்தா ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சொச்சம் கூட. முதல் நாள் போனைக் கையில வெச்சிக்கிட்டு நடந்தேன். வாப்பா ஒண்டும் சொல்லல்ல, நடுப்பாலத்தில நிண்டு, "மவன், நீ அதோட நட, நான் பிறகு வாறன்" எண்டார். அடுத்த நாள்ல இருந்து போன் வீட்டில.

வாப்பா நடக்கிறதை விட நிண்டு கதைக்கிறதுதான் கூட. பாலம் திறந்தது 2009இல. அதுக்கு முந்தி பாதையில, அதாவது ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திக் கடக்கிற மிதவையிலதான் கடக்கணும். பாதை பழுதாப் போனா இந்தக் கரையில எத்தனை மணித்தியாலம் காத்திருந்தது, தயிர்ச் சட்டியோட வந்த ஆக்கள் வெயிலுக்கு என்ன செஞ்சாங்க, எல்லாம் அந்த நடுப்பாலத்தில வெச்சுத்தான் கேட்டேன். முப்பது வருஷம் ஒரே வீட்டில இருந்தும் கேட்காத கதை. வெள்ளனப் படுத்தாத்தான் வெள்ளன எழும்பலாம், அதனால இரவில போன் தானா விழுந்துது. வாப்பாட முழங்கால் இன்னும் நோவுதான்.

ஓட்டோக்காரன்:

எல்லாரும் கோவிக்கப்படாது. எளிய வாழ்க்கை எண்டு நீங்கள் தேடிப் போறது எங்களுக்குப் பிறந்ததில இருந்து இருக்குது. விடிய ஐஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாண்டில நிண்டால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு. அதுவரை இருந்த இருப்பு. சாப்பாடு கடையில ரொட்டியும் பருப்பும், தண்ணி கூடக் குடிக்கிறேல்லை, ஏனெண்டால் ஒண்டுக்குப் போற நேரம் ஹயர் தவறும். போன மாசி சிறுநீரில கல்லு எண்டு விழுந்தனான். இப்ப ரெண்டு லீற்றர்ப் போத்தல் சீற்றுக்குப் பக்கத்தில. ஒரு நாளைக்கு ரெண்டு ஹயர் தவறுது, பரவாயில்லை. நான் மாத்தினது அவ்வளவுதான். கரைவலைக்கு வர எனக்கு நேரமில்லை அண்ணை, சூடைப் பொரியலில ஆசை மட்டும் இருக்கு.

உப்புவெளிக்காரன்:

தம்பி சொன்னது சரி. எனக்கு எட்டரைக்குத்தான் கந்தோர், அதால்தான் கயிறு பிடிக்க நேரம் இருக்கிறது. அதை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேணும்.

தங்கச்சி, பனங்கட்டிக் கதையை என்ர மனுசிக்கு வாசித்துக் காட்டினேன். அலுமாரியைத் திறந்து ஒரு குட்டானை எடுத்து உள்ளே தள்ளி வைத்தா.

மாமி போன கிழமை கொழும்புக்கு மகளிட்டைப் போய்விட்டா, வர ஒரு மாதமாகும். ரெண்டு நாள் நான் படுத்தே கிடந்தேன். இண்டைக்கு அந்தக் கிழவர் கோல் எடுத்து, கயிற்றுக்கு ஆள் குறைவு, எங்கே நிற்கிறாய் என்று ஏசினார். நாளைக்கு விடியப் போகிறேன். ஓட்டோத் தம்பி, ஆறரைக்கு உப்புவெளிப் பக்கம் ஹயர் வந்தால் சந்தியில் நில்லும், அரைக்கிலோ எடுத்து வைக்கிறேன். வேறு ஆருக்கும் வேணுமென்றால் இண்டிரவுக்குள் சொல்லுங்கோ, என்னட்டை உமல் ஒன்றுதான் இருக்கிறது.