கன்வேயர் டெயில் டிரம்மில் சிக்கியதை எடுக்க இ-ஸ்டாப் போதுமா?

துவாஸ்_நைட்ஷிஃப்ட்:
அண்ணன்மாரே, பெல்ட் கன்வேயரில் டெயில் டிரம்முக்கும் (பெல்ட் திரும்பும் கடைசி உருளை) பெல்ட்டுக்கும் நடுவே அட்டைத் துண்டும் ஸ்டிராப்பிங் நாடாவும் போய்ச் சுருண்டுகொள்கின்றன. ஷிஃப்டுக்கு நாலைந்து தடவை. இ-ஸ்டாப்பை (அவசர நிறுத்தப் பட்டன்) அமுக்கிவிட்டுக் கையால் இழுக்கச் சொல்கிறார்கள். அவசரத்தில் சிலர் ஓடும்போதே கொக்கி போட்டு இழுக்கிறார்கள். இது சரியா?

பூட்டும்_டேக்கும்:
கொக்கி வேண்டவே வேண்டாம் தம்பி. பெல்ட் நொடிக்கு 1 மீட்டர் ஓடுகிறது என்று வை. கொக்கி மாட்டியது உறைத்து நீ பிடியை விடக் கால் நொடியாவது ஆகும். அதற்குள் பெல்ட் 25 சென்டிமீட்டர் நகர்ந்து கையையும் உள்ளே இழுத்துவிடும். துணி கையுறை, தொங்கும் பாஸ் கயிறு இருந்தால் இன்னும் மோசம்.

இ-ஸ்டாப் ஓட்டத்தை நிறுத்தத்தான். பல லைன்களில் அது கன்ட்ரோல் சர்க்யூட்டை மட்டும் வெட்டும், மோட்டாருக்கு வரும் மின்சாரம் பேனலில் அப்படியே இருக்கும். நீ குனிந்திருப்பது தெரியாமல் அந்தப் பக்கத்து ஆள் பட்டனை விடுவித்து ஸ்டார்ட் கொடுத்தால் போச்சு.

பெல்ட்டைக் காலி செய்து நிறுத்து. மற்றவர்களிடம் சொல். ஐசொலேட்டரை (மோட்டாருக்கு வரும் மின்சாரத்தையே துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்து உன் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய டேக்கை மாட்டு; சாவி உன் பையில்தான் இருக்கணும். பிறகு இ-ஸ்டாப்பை விடுவித்து ஸ்டார்ட்டை அமுக்கிப் பார். இந்தச் சோதனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேறு மோட்டாரின் ஐசொலேட்டரைப் பூட்டியிருந்தால் இங்கேதான் பிடிபடும். அசையவில்லை என்றால்தான் கை. இரண்டு பேர் என்றால் ஹாஸ்ப் (பல பூட்டுகள் மாட்டும் இடுக்கி) போட்டு ஆளுக்கொரு பூட்டு.

துவாஸ்_நைட்ஷிஃப்ட்:
நன்றி அண்ணே. எங்களுடையது மேலேறும் பெல்ட். பூட்டினாலும் பின்னால் இறங்குமா?

பூட்டும்_டேக்கும்:
இறங்கும். பேக்ஸ்டாப்போ (பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் பாகம்) பிரேக்கோ தேய்ந்திருந்தால் மேலே நிற்கும் சரக்கின் எடையே இழுத்துவிடும், அதனால்தான் முதலில் காலி செய்யச் சொன்னேன். சிக்கிய நாடாவிலும் இழுவிசை இருக்கும். வெட்டியதும் டிரம் சட்டென்று கொஞ்சம் சுழலலாம். நாடாவை வெட்டும்போது மறு கையை டிரம் இடுக்கில் வைக்காதே. அழுத்தக் காற்றில் இயங்கும் டைவர்ட்டர் (சரக்கை வேறு பாதைக்குத் திருப்பும் கை) இருந்தால் ஏர் வால்வையும் மூடிப் பூட்டி, லைனில் மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்று.

சேஃப்டி_கோஆர்டினேட்டர்:
நாலைந்து தடவை சிக்குகிறது என்றால் மெஷினைத்தான் சரி செய்யணும். திரும்பி வரும் பெல்ட்டின் உள்பக்கத்தில், டெயில் டிரம்முக்குச் சற்று முன்னால் ஒரு வி-வடிவப் பிளவ் ஸ்கிரேப்பர் (ஏர்க்கொழு போன்ற வழிப்பான்) வைக்கச் சொல்லுங்கள். விழும் குப்பையை அது ஓரமாகத் தள்ளிவிடும்.

டிரம்மைச் சுற்றி வலைக் கார்டு (கம்பிவலைத் தடுப்பு) அவசியம். 20 மில்லிமீட்டர் சதுரக் கண் என்றால் ஆபத்தான இடத்திலிருந்து குறைந்தது 120 மில்லிமீட்டர் தள்ளி வலை இருக்கணும்; ஒட்டி வைத்தால் விரல் நுழையும். கழற்ற ஸ்பேனர் தேவைப்படும்படி போல்ட் போடுங்கள். சும்மா கையால் கழற்ற முடிந்தால் இரண்டாம் வாரமே மூலையில் கிடக்கும்.

சிங்கப்பூரில் பூட்டும் முறைக்கு எஸ்எஸ் 571 என்ற நடைமுறை விதித்தொகுப்பே இருக்கிறது. சூப்பர்வைசரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பூட்டு தராமல் கையை விடச் சொன்னால் ஸ்னாப்சேஃப் என்ற இணையப் புகார்ச் சேவை வழியாக மனிதவள அமைச்சுக்குப் படத்தோடு தெரிவிக்கலாம்.