1806 வேலூர்: டாயின்பீயின் நாகரிகக் கணக்கு இங்கே நிற்குமா?

பாலாற்றங்கரை:
நாடு நாடாகப் படித்தால் உலக வரலாறு புரியாது, நாகரிகம்தான் அலகு என்றார் ஆங்கில வரலாற்றாசிரியர் டாயின்பீ. 1934 முதல் 1961 வரை 12 தொகுதிகள் இதற்காகவே எழுதினார். வேற்றுப் பண்பாட்டின் ஒரு சின்னக் கூறை உள்ளே விட்டாலும் அது மற்றதையெல்லாம் இழுத்து வரும் என்பது அவர் கருத்து. நம் வேலூர்க் கோட்டையைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் இந்தியச் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கொடுத்தார்கள். அதோடு நின்றதா? நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது. 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்களின் துப்பாக்கி வெடித்தது.

குடியாத்தத்தான்:
சம்பவம் சரி, முடிவு தவறு சார். டாயின்பீ பட்டியலில் இந்து நாகரிகம் வேறு, இஸ்லாமிய நாகரிகம் வேறு. அன்றைக்கு இரு தரப்புச் சிப்பாய்களும் சேர்ந்தே எழுந்தார்கள், ஏற்றியது திப்புவின் கொடி. அவருடைய அலகு இங்கே எதை விளக்குகிறது? நாகரிகத்துக்கு எல்லைக்கல் நடுவதே வீண் வேலை. இந்திய எண்முறை பாக்தாத் போனது, 9ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மி அதை எழுதிவைத்தார். வட ஆப்பிரிக்காவில் அதைக் கற்ற கணித அறிஞர் பிபோனாச்சி 1202இல் இத்தாலியில் நூலாக்கினார். வரலாறு நகர்வது இப்படிக் கைமாறித்தான்.

பாலாற்றங்கரை:
சேர்ந்து எழுந்தார்கள், ஆனால் புண்பட்ட இடம் ஒன்றா? ஒருவருக்கு நெற்றிக்குறி, இன்னொருவருக்குத் தாடி. எதிரி ஒருவன் என்பதால் நாகரிகம் ஒன்றாகிவிடாது.

ஆம்பூர்க்காரி:
இரண்டு பேரும் அதிகாரத்தை மறந்தே பேசுகிறீர்கள். பிபோனாச்சி விரும்பிக் கற்றார். இங்கே தலைப்பாகையை மறுத்தவர்களுக்கு மே மாதமே கசையடி விழுந்தது. இரண்டையும் எப்படி ஒரே தட்டில் வைப்பீர்கள்? அப்புறம் மூன்றாவது வகை ஒன்று உண்டு. எங்கள் பக்கம் ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்டார்கள். பிறகு அதே வேலைக்குக் குரோம் ரசாயனம் வந்தது. யாரும் சவுக்கெடுக்கவில்லை, ஏற்றுமதிச் சந்தை கேட்டது. அந்தக் கழிவில் பாலாறு கெட்டது. இதை எந்தத் தத்துவத்தில் சேர்ப்பது?

பாலாற்றங்கரை:
அதிகாரத்தை டாயின்பீ மறக்கவில்லை அம்மா. 1952இல் பிபிசி உரைகளில், அடித்தது மேற்குலகம், அடிபட்டது மற்ற உலகம் என்று தம் நாட்டவர் முகத்துக்கு நேரே சொன்னார்.

குடியாத்தத்தான்:
சொன்னார், மறுக்கவில்லை. ஆனால் அப்போதும் ‘மேற்குலகம்’ என்று முழுசாகப் பழி போட்டார். வேலூரில் உத்தரவு போட்டது கம்பெனியின் சென்னை ராணுவத் தலைமை. அதற்குப் பெயர், பதவி, சம்பளம் எல்லாம் இருந்தது. நாகரிகத்தின் மேல் பழி போட்டால் அந்த ஆட்கள் தப்பிவிடுகிறார்கள், என் சண்டையே அதுதான்.