இணைய வணிக மோசடி: இழப்பு யார் தலையில்?

கயல்:
வளரும் நாடுகளில் இணைய வணிக மோசடி பற்றிப் பேச்செடுத்தாலே "மக்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்று முடித்துவிடுகிறார்கள். முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாம் என்று சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பூட்டை வரவைக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் இலவசமாகவே கிடைப்பதால், இன்று போலித் தளங்களிலும் அந்தப் பூட்டு தொங்குகிறது. முதன்முறை வாங்குபவர் என்னதான் செய்வார்? இழப்பை வங்கிகளும் விற்பனைத் தளங்களும் ஏற்கட்டும். கைப்பணம் போனால்தான் ஓட்டையை அடைப்பார்கள்.

செழியன்:
ஒருமுறைக் கடவுச்சொல்லை (ஓடிபி) தானே வாய்விட்டுச் சொன்னவருக்கு வங்கி ஏன் பணம் தர வேண்டும்? வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், அவர் புகார் செய்யும்வரை அவர் பொறுப்பே என்கிறது இந்திய ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை. எல்லாருக்கும் ஈடு என்றால் பொய்ப் புகார் குவியும். அந்தச் செலவும் கட்டணமாக நம்மிடமே வரும்.

கயல்:
வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிப்பது வங்கியின் கடமை என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறதே! அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வேறொருவர் உங்கள் எண்ணுக்கு ஏமாற்றி மாற்று சிம் வாங்கிவிட்டால், நீங்கள் வாயே திறக்காமல் கடவுச்சொல் அவருக்குப் போகும்.

மாறன்:
சிறு விற்பனையாளரை இருவருமே மறந்துவிட்டீர்கள். பாதுகாப்பு வல்லுநரை வைத்துக்கொள்ள அவரால் முடியாது. காக்க வேண்டிய பொருளையே அவரிடம் கொடுக்காமல் இருப்பதுதான் வழி. இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் விற்பனைத் தளங்கள் அட்டை எண்ணைச் சேமிக்கக் கூடாது. அதற்குப் பதில் ஒரு டோக்கன், அதாவது அட்டை எண்ணுக்கு மாற்றான ஒரு குறியீடுதான். தளத்துக்குள் புகுந்தாலும் திருட அட்டை எண் இருக்காது.

செழியன்:
அட்டைக்குச் சரி, மாறன். ஏமாந்தவர் தானே பணம் அனுப்பினால் டோக்கன் என்ன செய்யும்?

கயல்:
பணம் போய்ச் சேரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பிரேசிலில் பிக்ஸ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற முறை 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே, புகார் வந்ததும் பெற்றவர் கணக்கில் பணத்தை முடக்கும் முறையையும் இரவில் அனுப்பும் தொகைக்கு ஒரு வரம்பையும் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், ஏமாந்து அனுப்பிய பணத்துக்கான ஈட்டில் பாதியை, அந்தப் பணம் போய்ச் சேர்ந்த வங்கி தர வேண்டும். மோசடிக்காரர்கள் பிறரிடம் வாடகைக்கு எடுக்கும் கணக்குகளைத் திறந்துகொடுத்தது அந்த வங்கிதானே?

செழியன்:
பிரிட்டனிலும் மிக மோசமான கவனக்குறைவுக்கு விலக்கு உண்டு. பணத்தைப் பெற்ற வங்கி பங்கு தரட்டும், அதை ஏற்கிறேன். கடவுச்சொல்லைச் சொன்னவருக்கு முழு ஈடு என்பதை ஏற்க மாட்டேன்.

கயல்:
அப்படியானால் எது கவனக்குறைவு என்பதை வங்கியே தீர்மானிக்கக் கூடாது. அதையாவது ஒப்புக்கொள்வீர்களா?