கம்பெனி மெயில் சர்வர்: வெளியே போகும் மெயில் பிளாக் ஆகிறது, டீலிஸ்ட் செய்தாலும் மறுபடி ஏறிவிடுகிறது

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வர். உபுண்டு, போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் அனுப்பும் மென்பொருள்), டவ்காட் (மெயில்பாக்ஸ், லாகின் பார்க்கும் மென்பொருள்); 60 மெயில்பாக்ஸ். லீஸ்டு லைனில் ஒரே ஒரு நிலையான ஐபி. மெயில் சர்வர், ஆபீஸ் பிசிக்கள், தையல் யூனிட் வைஃபை எல்லாமே அந்த ஐபி வழியாகத்தான் வெளியே போகின்றன. ரூட்டர் மைக்ரோடிக்.

உள்ளே வரும் மெயிலில் குறை ஏதும் இல்லை. வெளியே போவதுதான் மூன்று விதமாகத் திரும்புகிறது:

ஜெர்மனி பையர்கள்: 554 5.7.1, எங்கள் ஐபி ஸ்பேம்ஹவுஸ் என்ற ஸ்பேம் தடுப்பு அமைப்பின் ஜென் தடை லிஸ்டில் இருக்கிறதாம்.
ஜிமெயில்: 550 5.7.26, அனுப்புநரைச் சரிபார்க்க முடியவில்லையாம்.
அவுட்லுக், ஹாட்மெயில்: 550 5.7.1, வரியில் எஸ்3150 என்ற குறி.

ஸ்பேம்ஹவுஸில் டீலிஸ்ட் (லிஸ்டிலிருந்து நீக்கம்) கேட்டால் நீக்கிவிடுகிறார்கள். மறுநாளே திரும்ப ஏறிவிடுகிறது. எஸ்பிஎஃப், அதாவது எந்த ஐபி எங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பதிவு, இருக்கிறது (வெப் ஹோஸ்டிங்காரர் ஒன்று போட்டிருந்தார், நாங்களும் ஒன்று சேர்த்தோம்). டிகிம் (மெயிலுக்கான டிஜிட்டல் கையெழுத்து) இல்லை. பிடிஆர் (ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) பார்த்தால் லைன் கொடுத்தவர்களின் ஏதோ பொதுப்பெயர் வருகிறது. மெர்ச்சண்டைசர்கள் ஷிப்பிங் டாக்குமெண்ட்டைச் சொந்த ஜிமெயிலில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஐபியை மாற்றித் தரச் சொன்னால் தீருமா?

க்யூ_காவல் எழுதியது:

இப்போதைக்கு ஐபியை மாற்றாதீர்கள். ஸ்பேம் எங்கிருந்து கிளம்புகிறதோ அது புது ஐபியையும் இரண்டு நாளில் லிஸ்டில் ஏற்றிவிடும். டீலிஸ்ட் கேட்பதையும் நிறுத்தி வையுங்கள். திரும்பத் திரும்ப நீக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் எளிதில் நீக்கமாட்டார்கள்.

முதலில் ஜென் லிஸ்டில் எந்தப் பகுதி என்று பாருங்கள். அது பல லிஸ்ட்கள் சேர்ந்த ஒன்று. ஐபியின் நான்கு எண்களையும் தலைகீழாக எழுதி, பின்னால் ஜென் முகவரியைச் சேர்த்து டிஎன்எஸ்ஸில் கேட்டால் பதில் எண் வரும். உதாரணமாக 203.0.113.25 என்றால் 25.113.0.203 என்று தொடங்க வேண்டும்.

127.0.0.2 வந்தால் எஸ்பிஎல்; ஆள் பார்த்துப் போட்டது.
127.0.0.3 என்றால் சிஎஸ்எஸ். தரமில்லாத மொத்த மெயில், கோளாறான ஹீலோ பெயர் (இணையும்போது சர்வர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர்) போன்றவை.
127.0.0.4 என்றால் எக்ஸ்பிஎல். வைரஸ் அல்லது பாட் (வெளியாள் கட்டளைப்படி இயங்கும் தீய நிரல்) பிடித்த மெஷின்.
127.0.0.10 அல்லது 11 என்றால் பிபிஎல். இந்த ஐபி வரிசையிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்ற பட்டியல். இது குற்றப்பட்டியல் இல்லை.

இதை 8.8.8.8 மாதிரி பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்காதீர்கள். 127.255.255.254 என்று வரும். அதைப் பார்த்து லிஸ்டில் இருப்பதாகப் பலர் பதறுகிறார்கள்; பொது ரிசால்வரில் கேட்டால் பதில் கிடையாது என்பதுதான் அதன் பொருள்.

அடுத்து க்யூ, அதாவது அனுப்பக் காத்திருக்கும் மெயில் வரிசை. போஸ்ட்க்யூ -பி கொடுத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் தேங்கி, எல்லாம் ஒரே அனுப்புநர் பெயரில் இருந்தால் யாரோ ஒருவருடைய பாஸ்வேர்டு போய்விட்டது. மெயில் லாகில் சாஸ்ல் யூசர்நேம் (லாகின் செய்து அனுப்பியவர் பெயர்) வரிகளை எடுத்து, பெயர்வாரியாக எண்ணினால் ஆள் சிக்குவார். பாஸ்வேர்டை மாற்றி, டவ்காட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் ஏற்கெனவே லாகின் ஆன இணைப்பு அறுபடாது. அந்தப் பெயரில் தேங்கியதை மட்டும் போஸ்ட்சூப்பர் வைத்து அழியுங்கள். மொத்தமாக அழித்தால் நல்ல மெயிலும் போய்விடும்.

க்யூ சுத்தமாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் உங்கள் மெயில் சர்வர் இல்லை.

நூல்கண்டு எழுதியது:

நன்றி சார். 127.0.0.4 வருகிறது. க்யூவில் எங்கள் மெயில்கள் மட்டும்தான், தெரியாத அனுப்புநர் யாரும் இல்லை. சாஸ்ல் எண்ணிக்கையும் இயல்பாகத்தான் இருக்கிறது.

பயர்வால்_பாண்டி எழுதியது:

அப்போ எக்ஸ்பிஎல். அதே ஐபிக்குப் பின்னாடி இருக்கிற வேற ஏதோ மெஷின். மெயில் சர்வர் லாகை எவ்வளவு துழாவினாலும் கிடைக்காது, ரூட்டர்லதான் தேடணும்.

மைக்ரோடிக்ல ஃபயர்வால், ஃபில்டர் ரூல்ஸ் போங்க. செயின் ஃபார்வர்டு, புரோட்டோகால் டிசிபி, டெஸ்டினேஷன் போர்ட் 25 (சர்வருக்குச் சர்வர் மெயில் போற வழி), சோர்ஸ் அட்ரஸ் மெயில் சர்வரோட உள் ஐபியைத் தவிர மத்த எல்லாம் (பக்கத்துல ஆச்சரியக்குறி கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணணும்). ஆக்‌ஷன் டிராப். லாகையும் ஆன் பண்ணுங்க, ப்ரிஃபிக்ஸ் ஒண்ணு கொடுத்தா தேட வசதி. பொதுவா எல்லாத்தையும் விடுற அக்செப்ட் ரூல் இருந்தா இது அதுக்கு மேல இருக்கணும், இல்லன்னா வேலையே செய்யாது. போர்ட் 587-ஐத் தொடாதீங்க, அது லாகின் பண்ணி அனுப்புறது. சாதாரண பிசிக்கு 25-ல வெளியே போக ஒரு வேலையும் கிடையாது.

லாக்ல வர்ற உள் ஐபியை டிஹெச்சிபி லீஸ்ல (எந்த மெஷினுக்கு எந்த உள் ஐபின்னு ரூட்டர் வெச்சிருக்கிற பட்டியல்) பார்த்தா மேக் அட்ரஸ் கிடைக்கும். பிசியா மட்டும் இருக்கும்னு நினைக்காதீங்க. சிசிடிவி டிவிஆர், மலிவான ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ், யூனிட்ல வேலை செய்றவங்க போன் எதுவா வேணா இருக்கலாம். டிவிஆருக்கு வெளியிலிருந்து பார்க்க போர்ட் திறந்து விட்டு, வாங்கினப்ப இருந்த பாஸ்வேர்டையே வெச்சிருந்தா சந்தேகத்தை அங்கிருந்தே ஆரம்பிங்க.

இங்க ஒரு வில்லங்கம் இருக்கு. 25-ஐ அடைச்சும் திரும்ப லிஸ்ட் ஆகலாம். பாட் ஸ்பேமே அனுப்பாம தன் கட்டளை சர்வரைத் தொடர்பு கொண்டாலும் எக்ஸ்பிஎல் போடும், ஏன்னா அந்த மாதிரி முகவரிகளைப் பொறியா மாத்தி வெச்சிருக்காங்க. ஸ்பேம்ஹவுஸ் தேடல் பக்கத்துல கடைசியா கண்ட நேரமும், சில சமயம் எந்த முகவரி, எந்த போர்ட்டுன்னும் போட்டிருப்பாங்க. நேரம் யுடிசில இருக்கும், 5:30 மணி கூட்டிப் பாருங்க. ரூட்டர் கடிகாரம் சரியா இல்லன்னா அந்த நேரத்தை வெச்சு ஒண்ணும் தேட முடியாது, முதல்ல என்டிபி (நேரத்தைத் தானா சரிபண்றது) போடுங்க.

நிலையான தீர்வு, மெயிலுக்குத் தனி ஐபி. லைன் கொடுத்தவங்ககிட்ட /29 கேளுங்க. 8 முகவரி, முதலும் கடைசியும் போக 6, அவங்க கேட்வே ஒண்ணு போக உங்களுக்கு 5. சோர்ஸ் நாட் ரூல் (எந்த ஐபில வெளியே போகணும்னு சொல்றது) போட்டு மெயில் சர்வர் மட்டும் ஒரு ஐபில வெளியே போகட்டும். அந்த ரூல் மாஸ்கரேடுக்கு (எல்லாரையும் ஒரே ஐபில அனுப்புற பொது ரூல்) மேல இருக்கணும். அப்புறம் கெஸ்ட் வைஃபை என்ன பண்ணாலும் மெயிலுக்கு ஆபத்தில்ல.

டிஎன்எஸ்_தமிழ் எழுதியது:

ஜிமெயில் 5.7.26க்கும் மேலே சொன்னதற்கும் தொடர்பில்லை. அதற்குக் காரணம் கேள்வியிலேயே இருக்கிறது: ஒரு டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவு. இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது, முடிவு பெர்ம்எரர் (நிரந்தரப் பிழை). டிகிமும் இல்லாததால் சரிபார்க்க ஜிமெயிலுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. ஹோஸ்டிங்காரருடையதையும் உங்களுடையதையும் ஒரே வரியாக இணையுங்கள். உங்கள் ஐபியை ஐபி4 என்று நேரடியாக எழுதினால் டிஎன்எஸ் தேடல் செலவாகாது. இன்க்ளூட் (வேறொருவரின் எஸ்பிஎஃப்பைச் சேர்ப்பது), ஏ, எம்எக்ஸ் எல்லாம் சேர்த்து 10 தேடலைத் தாண்டினாலும் இதே பெர்ம்எரர்தான். இணையதளத்தின் தொடர்புப் படிவம் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து மெயில் அனுப்பவில்லை என்றால் அந்த இன்க்ளூடையே தூக்கிவிடலாம்.

டிகிமுக்கு ஓபன்டிகிம் போதும், 2048 பிட் சாவி. இரண்டு இடத்தில் சிக்கும். சாவி நீளமானது, டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவில் ஒரு சரம் 255 எழுத்துக்கு மேல் போகாது. இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்துப் போடவேண்டும். சில கண்ட்ரோல் பேனல்கள் தாமே பிரிக்கும், சில பேசாமல் வெட்டிவிடும். இரண்டாவது, உபுண்டுவில் போஸ்ட்ஃபிக்ஸ் க்ரூட்டுக்குள் (தனக்கென அடைத்த ஒரு ஃபோல்டருக்குள்) ஓடுவதால் ஓபன்டிகிமின் சாக்கெட் ஃபைல் அதன் கண்ணுக்குத் தெரியாது. மில்டர் டீஃபால்ட் ஆக்‌ஷன் அக்செப்ட் என்று இருந்தால் மெயில் போகும், கையெழுத்து மட்டும் இருக்காது. சாக்கெட்டை லோக்கல்ஹோஸ்ட்டில் 8891 போர்ட்டுக்கு மாற்றிவிட்டால் தொல்லை இல்லை.

பிடிஆர் உங்கள் டொமைன் பேனலில் போடுவதல்ல, ஐபி யாருடையதோ அவர்கள்தான் போடவேண்டும். லைன் கொடுத்தவர்களுக்கு டிக்கெட் போட்டு, ஐபியையும் மெயில் சர்வரின் முழுப் பெயரையும் எழுதிக் கொடுங்கள். ஐபியைக் கேட்டால் அந்தப் பெயர், அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி, போஸ்ட்ஃபிக்ஸ் ஹீலோவில் சொல்வதும் அதே பெயர். தனி ஐபி வாங்குவதானால் அது கையில் வந்த பிறகு ஒரேயடியாகக் கேளுங்கள். மாற்றுவதற்கு முந்தைய நாளே ஏ பதிவின் டிடிஎல்லை (மற்றவர்கள் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடி ஆக்கி, எஸ்பிஎஃப்பில் பழைய ஐபி, புது ஐபி இரண்டையும் வைத்துவிடுங்கள்.

லைனில் ஐபிவி6 இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் அதன் வழியாக ஜிமெயிலுக்குப் போகும். அங்கே பிடிஆர் இல்லையென்றால் தனியாக 5.7.25 வரும். அதற்குப் பிடிஆர் போடும்வரை இன்ட் புரோட்டோகால்ஸை ஐபிவி4 என்று வைத்து ரீஸ்டார்ட் கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி ஷோ ஒரிஜினலில் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் பாஸ் என்று பார்த்தபின் டிமார்க்கை (இரண்டும் தோற்றால் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) பி=நன் என்று தொடங்குங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புவோருக்கும், யாஹூ மொத்தமாக அனுப்புவோருக்கும் மூன்றையும் கட்டாயமாக்கின. உங்கள் அளவு அவ்வளவு வராது, ஆனாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது எல்லோருக்கும் வேண்டும்.

ரிலே_ராஜா எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரிதான், ஆனால் எல்லாம் முடிய ஒரு வாரமாவது ஆகும். டாக்குமெண்ட் இன்றைக்குப் போகவேண்டுமே. காசு கொடுத்து ஒரு எஸ்எம்டிபி ரிலே சேவை (உங்கள் மெயிலை வாங்கித் தங்கள் ஐபியிலிருந்து அனுப்புவது) எடுத்து, போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட்டாக 587ல் மாட்டுங்கள். எம்எக்ஸ் (உள்ளே வரும் மெயில் எந்த சர்வருக்கு என்ற பதிவு) மாறாது, உள்ளே வருவது பழையபடி வரும். ரிலேக்காரர் சொல்லும் டிகிம் பதிவுகளை மறக்காமல் டிஎன்எஸ்ஸில் சேருங்கள். எல்லா மெயிலையும் அனுப்ப வேண்டாம் என்றால் டிரான்ஸ்போர்ட் மேப்பில் ஹாட்மெயில், அவுட்லுக் டொமைன்களை மட்டும் அந்தப் பக்கம் திருப்பலாம். என்னைக் கேட்டால் 60 மெயில்பாக்ஸுக்கு இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். டிஎன்எஸ்_தமிழ் ஒத்துக்கொள்ளமாட்டார்.

எஸ்3150 மைக்ரோசாஃப்ட்டின் சொந்த பிளாக்லிஸ்ட். ஸ்பேம்ஹவுஸ் நீக்கினாலும் இது தானாக நீங்காது. அவுட்லுக்.காம் அனுப்புநர் உதவிப் படிவத்தில் ஐபியையும் எரர் வரியை அப்படியேயும் கொடுங்கள். தகுதி இல்லை என்று தானியங்கிப் பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். அதே மெயிலுக்கு, என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று பதில் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் ஆள் பார்ப்பார். பையர் கம்பெனி மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருந்து 5.7.606 முதல் 649க்குள் எண் வந்தால் அதற்கு வேறு டீலிஸ்ட் போர்ட்டல். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நாள்தான் வீணாகும்.

ஆன்லைன் சோதனைத் தளங்களில் யுசிஇ புரொடெக்ட் லெவல் 2, லெவல் 3 சிவப்பாகத் தெரிந்தால் கண்டுகொள்ள வேண்டாம். அது பக்கத்து ஐபிக்காரர்களின் பாவத்துக்கும் சேர்த்து. நீக்கக் காசு கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

நூல்கண்டு எழுதியது:

25 ரூல் போட்டு அரை மணியில் சிக்கிவிட்டது. பேக்கிங் செக்‌ஷன் டிவிஆர்தான். கழற்றிவிட்டோம். எஸ்பிஎஃப் ஒன்றாக்கியாயிற்று, /29 கேட்டிருக்கிறோம். இப்போது டீலிஸ்ட் கேட்கலாமா? க்யூவில் நிற்பவை தானாகப் போகுமா?

க்யூ_காவல் எழுதியது:

24 மணி நேரம் அந்த ரூலின் லாக் காலியாக இருக்கட்டும், பிறகு கேளுங்கள். ஸ்பேம்ஹவுஸ் பக்கத்தில் கடைசியாகக் கண்ட நேரம் நகராமலும் இருக்கவேண்டும். டிவிஆரை வெறுமனே ரீசெட் செய்து மாட்டாதீர்கள். ஃபர்ம்வேர் புதிதாக ஏற்றி, போர்ட் ஃபார்வர்டை எடுத்துவிட்டுத் தனி வீலானில் (பிரித்த உள் நெட்வொர்க்) போடுங்கள்.

4ல் தொடங்கும் பிழை வாங்கியவை க்யூவில் நிற்கும், 5 நாள் வரை போஸ்ட்ஃபிக்ஸ் தானே முயலும். 5ல் தொடங்கியவை ஏற்கெனவே பவுன்ஸ் ஆகி அனுப்பியவரிடமே திரும்பியிருக்கும். அவற்றைக் கையால்தான் மறுபடி அனுப்பவேண்டும், மெர்ச்சண்டைசர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். டீலிஸ்ட் ஆன உடனே ஃபிளஷ் கொடுத்துத் தேங்கியதையெல்லாம் ஒரே மூச்சில் தள்ளாதீர்கள். ஜிமெயில் 421 4.7.0 போட்டு நிறுத்தும். தானாக ஓடும் வேகத்திலேயே விடுங்கள், அவசரமானதை மட்டும் அதன் க்யூ ஐடி கொடுத்து போஸ்ட்க்யூ -ஐ மூலம் தனியாகத் தள்ளுங்கள்.