‘வயசு ஆகலையே’ன்னு கேட்டப்போ வந்த பதில்கள்: நெல்லைச் சீமை அனுபவப் பகிர்வு

பாளை டீச்சர்:

குழந்தைத் திருமணம் என்று பேச்செடுத்தாலே மதமா சட்டமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். நம்ம பக்கம் நான் பார்த்ததை அந்த இரண்டுக்குள் அடைக்க முடியவில்லை. அதனால்தான் இந்த இழை. பொதுக் கருத்து வேண்டாம். நேரில் பார்த்தது, உங்களிடம் யார் என்ன சொன்னார்கள், அதை மட்டும் எழுதுங்கள். ஆள் பெயரும் பள்ளிக்கூடத்துப் பெயரும் வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். நாங்குநேரி வட்டாரத்தில் அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பத்தாம் வகுப்பு முடித்தவர்களில் பதினொன்றுக்கு யார் வரவில்லை என்று ஜூன் மாதம் பார்ப்பது வழக்கம். ஒரு வருஷம் கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளை வரவில்லை. சித்தப்பா வந்து டி.சி. கேட்டார். தூத்துக்குடியில் அத்தை வீட்டில் இருந்து படிக்கப் போகிறாளாம். எந்தப் பள்ளி என்று கேட்டால் பதில் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கே போய்விட்டேன்.

திண்ணையில் இருந்த ஆச்சி ஒளிக்கவே இல்லை. “சடங்கு கழிஞ்சு நாலு வருசம் ஆச்சு தாயி. முறைப்பையன் காத்துக் கெடக்கான்” என்றாள். அப்பாவிடம் சட்டத்தைச் சொன்னேன். உடனே அவர், சாஸ்தா கோயிலில் பங்குனி உத்திரத்தன்று வாக்குக் கொடுத்தாச்சு, மாற்றினால் சாமி குத்தம் என்றார். அம்மாதான் என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போய் உண்மையைச் சொன்னாள். “சாமியும் இல்ல, ஒண்ணுமில்ல டீச்சர். பஸ்ஸுல ஒரு பையன் போன் நம்பர் குடுத்திருக்கான். வேற ஆளுவ. இவ அப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாவ.”

அந்த அம்மாவுக்குக் கல்யாணம் என்பது மகளைக் காப்பாற்றும் வழி. அப்பா கையில் எடுத்த சாமி, நான் சட்டம் பேசிய பிறகுதான் வந்தது. இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சாதி பயம் முதலில், மானம் அடுத்து, சம்பிரதாயம் கடைசியில் சாட்சிக்கு.

நம்ம கடையத்துச் செல்லம்மாளை 1897இல் பாரதி கட்டியபோது அவருக்கு 14 வயது, அந்தப் பிள்ளைக்கு 7. அப்போது பெண் பெரியவள் ஆவதற்கு முன்பே கட்டிக் கொடுக்காவிட்டால் பாவம் என்ற நம்பிக்கை உண்மையாகவே அந்தக் குடும்பங்களில் இருந்தது. இன்று யாரும் சாஸ்திரம் பார்த்து 16 வயதில் கட்டிக் கொடுப்பதில்லை. செல்போனைப் பார்த்துத்தான் கட்டிக் கொடுக்கிறார்கள்.

அந்தப் பிள்ளையைப் பாளையங்கோட்டையில் ஒரு விடுதியில் சேர்த்தோம். “டீச்சர் போலீசுக்குச் சொல்லிருவேன்னு நிக்காவ” என்று அம்மா ஊரெல்லாம் என்னைத் திட்டிவிட்டு, பெட்டியை அவளே கட்டிக் கொடுத்தாள்.

தாழையூத்துக்காரன்:

எங்கள் ஆச்சிக்கு 13 வயதில் கல்யாணம். ஒன்பது பெற்று ஆறு தங்கியது. தொண்ணூறு வரை நல்லா இருந்தா. அந்தக் காலத்தில் டெல்லியில் இருந்து யாரும் வந்து வயசு கேட்கவில்லை. எல்லாத்துக்கும் சட்டம் என்றால் குடும்பம் எதுக்கு?

பாளை டீச்சர்:

மூன்று தங்கவில்லை என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள் தம்பி. டெல்லி அந்தக் காலத்திலேயே வயசு கேட்டதுதான். ஹர் பிலாஸ் சாரதா கொண்டுவந்த சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. இடையில் கிடைத்த ஆறு மாதத்தில் நாடெங்கும் அவசர அவசரமாகத் தாலி கட்டித் தள்ளினார்கள்.

மேலப்பாளையத்தான்:

அந்த அவசரத்தை நான் கண்ணால் பார்த்தேன், 2021 டிசம்பரில். பெண்ணுக்கும் 21 என்று பாராளுமன்றத்தில் மசோதா வந்த வாரம். எங்கள் ஜமாஅத்தில் நிக்காஹ் புத்தகம் எழுதுவது என் வேலை. ஃபோன் ஓயவில்லை. “18 முடிஞ்ச பிள்ளைக்கு இப்பமே எழுதிருங்க, நாளைக்குச் சட்டம் வந்தா மூணு வருசம் யாரு வச்சிருக்கது?” கடைசியில் அந்த மசோதா நிலைக்குழுவுக்குப் போய், 2024இல் மக்களவை கலைந்ததோடு காலாவதியாகிவிட்டது. அந்தப் பயத்தில் படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

இனி கேட்டதற்கு வருகிறேன். எங்கள் ஜமாஅத்தில் ஆதாரும் பள்ளிச் சான்றும் பார்க்காமல் புத்தகத்தை எடுப்பதில்லை. ஒரு நாள் ஒரு வாப்பா வந்தார். மாப்பிள்ளை சவுதியில் இருந்து லீவில் வந்திருக்கிறான், திரும்பிப் போவதற்குள் முடிக்க வேண்டும். பெண்ணுக்கு 17 நடக்கிறது. “மார்க்கத்துல தடை இல்லையே, பிள்ள பெரிய மனுஷி ஆயிட்டாளே” என்றார். பக்கத்தில் இருந்த ஆலிம்சா (மார்க்கம் படித்தவர்) கோபப்படவில்லை. “தடை இல்லைதான். கட்டாயமும் இல்லையே. 17ல கட்டணும்னு எங்கே சொல்லியிருக்கு? பிள்ளகிட்ட சம்மதம் கேட்டியளா? அது மார்க்கத்துல கட்டாயம், அதச் செஞ்சியளா?” என்றார். மனுஷன் தலையைச் சொறிந்தார். கேட்கவில்லையாம்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தப் பேச்சு வந்தால் டி.வி. கேமரா நேராக எங்கள் தெருவுக்குத்தான் வரும். முஸ்லிம் தனிநபர் சட்டத்தில் பருவம் அடைந்தால் போதும், அதை 15 என்று வைத்துக்கொள்வார்கள் என்பது உண்மை. அதை வைத்து வழக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் டீச்சர் சொன்ன வீடு எங்கள் தெருவில் இல்லை. பயம் ஒன்றுதான், தெருதான் வேறு.

அந்த வாப்பா கிளம்பும்போது சொன்னது: “நீங்க மாட்டேன்னுட்டீங்கன்னு மாப்பிள்ள வீட்டுல சொல்லிக்கிடுதேன்.” நிம்மதியாகத்தான் போனார்.

ராதாபுரம் நர்ஸம்மா:

நான் கிராம சுகாதாரச் செவிலியர். பந்தல் போட்ட வீட்டை நீங்கள் பார்க்கிறீர்கள், நான் பார்ப்பது அதற்குப் பின்னால் வருவதை.

கர்ப்பம் என்று தெரிந்தால் பிக்மி நம்பர், அதாவது அரசின் கர்ப்பிணிப் பதிவு எண், போட வேண்டும். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. நம்பர் போட ஆதார் கேட்போம். அங்கேதான் வயசு வெளியே வரும். ஒரு பிள்ளை ஐந்தாம் மாதம் மாமியாரோடு வந்தது. 19 வயசு, அட்டை தொலைந்துபோச்சு என்றார்கள். எனக்கு அந்த முகத்தைப் பார்த்தால் பத்தொன்பதாகத் தெரியவில்லை. ரத்தசோகை வேறு, ஹீமோகுளோபின் 7. மெல்ல விசாரித்ததில் பன்னிரண்டாம் வகுப்பை விட்டுவிட்டு வந்தவள், 17 முடியவில்லை. யாரும் கட்டி வைக்கவில்லை. அவர்களே ஓடிப்போய் ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். பையன் லோடு ஏற்றும் வேலை. “சிஸ்டர், போட்டுக் குடுத்துராதிய” என்று மாமியார் என் கையைப் பிடித்தாள்.

போட்டுத்தான் கொடுத்தேன். 18க்குக் கீழ் என்றால் போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் சட்டம். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. கட்டிக்கொண்டவள் என்பதால் விலக்கு கிடையாது என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பையன் உள்ளே போனான். அந்தப் பிள்ளை என்னிடம் அதன்பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் மாத்திரைக்கு மட்டும் வந்தாள். நான் விடாமல் வீடு தேடிப் போனேன்.

இந்தச் செய்தி பக்கத்து ஊருக்குப் போனது. அங்கே இன்னொரு பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். எங்களுக்குத் தெரியவே தெரியாது. எட்டாம் மாதம் கால் வீங்கி, வலிப்பு வந்த பிறகு 108இல் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவள் பிழைத்தாள், குழந்தை இல்லை. வழக்குக்குப் பயந்து ஒளித்து வைத்ததில் அந்தப் பிள்ளைக்கு ஒரு ஊசி, ஒரு ஸ்கேன் கிடையாமல் போனது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 17 வயது உடம்பு படுகிற பாட்டைப் பார்த்தவள் அப்படிச் சொல்ல மாட்டாள். ஆனால் அது முதலில் வந்து நிற்கிற இடம் என் செக்கப் ரூமாக இருப்பதுதான் கஷ்டம். கல்யாணத்துக்கு முன்னால் வர வேண்டியது பிரசவத்துக்கு முன்னால் வருகிறது.

இன்னொன்று. 18,000 ரூபாய் மகப்பேறு நிதி இருக்கிறதே, அதற்கு 19 வயது முடிந்திருக்க வேண்டும். அந்தத் திட்டத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயர். சாரதா சட்டம் வருவதற்கு முன்பே பெண்ணின் கல்யாண வயதை உயர்த்தச் சொல்லிச் சென்னைச் சட்டமன்றத்தில் பேசியவர் அவர். விதி நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஆனால் சத்து அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கு அந்தப் பணம் இல்லை என்று சொல்லும்போது எனக்கு வாய் வரவில்லை.

ரதவீதி வக்கீல்:

சட்டம் பற்றிச் சில குழப்பங்கள் தெரிகின்றன, சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போது இருப்பது 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2007 நவம்பர் 1 முதல் அமல். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. நடத்தியவருக்கும் உடந்தையானவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். உடந்தையானவர் பெண் என்றால் சிறை கிடையாது. இது தெரிந்ததால் எங்கள் பக்கம் சில வீடுகளில் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயரை விட்டுவிட்டு ஆச்சி பெயரில் போடுகிறார்கள்! பலிக்காது.

கல்யாணம் நடந்துவிட்டால் அது தானாகச் செல்லாததாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கர்நாடகத்தில் 2017இல் அப்படித் திருத்தினார்கள். நம்மிடம் இல்லை. இங்கே அந்தப் பிள்ளை தானே நீதிமன்றம் போய் ரத்துக் கேட்க வேண்டும், மேஜரான இரண்டு வருஷத்துக்குள். 20 வயதில், கையில் குழந்தையோடு, அப்பாவையும் புருஷனையும் எதிர்த்து யார் வருவார்கள்? ஒருத்தி வந்தாள். விண்ணப்பத்தை எழுதி முடித்தபோது “அக்கா, இது ரத்தானா என் பிள்ளை?” என்று கேட்டாள். பிள்ளைக்குச் சட்டப்படி ஒரு குறையும் வராது, 6ஆம் பிரிவு அதைச் சொல்கிறது என்று காட்டினேன். அடுத்த வாய்தாவுக்கு அவள் வரவில்லை.

இதைவிட நல்ல ஆயுதம் 13ஆம் பிரிவு. கல்யாணத்துக்கு முன்பே மாஜிஸ்ட்ரேட்டிடம் தடை வாங்கலாம். தடையை மீறிக் கட்டினால் அந்தக் கல்யாணம் அடியோடு செல்லாது. இதைக் கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு.

மதம் பற்றி: இந்தச் சட்டத்தில் பெயர் சொல்லி விலக்குக் கொடுத்த கூட்டம் எது தெரியுமா? புதுச்சேரியின் ரெனோன்சான்கள், பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்களின் வாரிசுகள். வேறு எந்த மதமும் இல்லை. 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இது முஸ்லிம்களுக்கும் பொருந்தும் என்றது. பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2022இல் 16 வயது முஸ்லிம் பெண் கணவரோடு வாழலாம் என்றது. 2024இல் உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சை அவிழ்க்காமலே விட்டது. மேலப்பாளையத்து அண்ணன் சொன்ன ஆலிம்சா அந்தத் தீர்ப்புகளுக்கெல்லாம் காத்திருக்கவில்லை பாருங்கள்.

முக்கூடல் பொண்ணு:

நின்றுபோன கல்யாணத்தில் மணப்பெண் நான்தான், எழுதலாமா?

அம்மா பீடி சுற்றுவாள். நான் பன்னிரண்டு படித்தேன். அத்தை மகனுக்குப் பேசினார்கள். முதல் நாள் சாயங்காலம், சமையல்காரர் காய் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஜீப் வந்தது. சமூக நலத்துறை அம்மா ஒருவர், இரண்டு போலீஸ். 18 முடியாமல் கட்ட மாட்டோம் என்று அப்பாவிடம் எழுதி வாங்கினார்கள். என்னைத் தனியே கூப்பிட்டு “உனக்குச் சம்மதமா?” என்று கேட்டார்கள். வீடு முழுக்க சொந்தக்காரர்கள் நிற்கும்போது அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல? “படிக்கணும்” என்று மட்டும் சொன்னேன்.

ஜீப் போனதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடித்தேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் அடிக்கவில்லை. அடித்தது யாரென்று இன்னமும் தெரியாது. பந்தல், மைக்செட், ஆக்கிப்போட்ட சோறு எல்லாம் கடன். அந்தக் கடனை அம்மாவும் நானும் பீடி சுற்றித்தான் அடைத்தோம். அப்பா பல மாதம் பேசவில்லை. சொக்காரர் (பங்காளி) வீட்டுத் துஷ்டிக்கு, சாவுக்குக்கூட என்னைக் கூட்டிப் போகவில்லை. கல்யாணத்தை நிறுத்தியவர்கள் அதற்குப் பிறகு ஒரு தடவை வந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அப்பாவின் மனசை மாற்றியது சட்டம் இல்லை. காலேஜ் சேர்ந்ததும், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு அரசு தரும் புதுமைப் பெண் பணம் மாசம் ஆயிரம் என் கணக்கில் விழுந்தது. “ஆயிரம் வருதுல்லா, முடிச்சிட்டு வரட்டும்” என்று முதல் தடவையாக அத்தையிடம் அவரே சொன்னார். அத்தானும் காத்திருக்கிறேன் என்றார். படிப்பு முடிந்து அவரைத்தான் கட்டினேன். பிடித்துத்தான். இதைச் சொன்னால் “அப்போ நிறுத்தாமலே இருந்திருக்கலாமே” என்கிறார்கள். நல்லாச் சொன்னார்கள். இப்போது வேலைக்குப் போகிறேன், என் ஏ.டி.எம். கார்டு என்னிடம் இருக்கிறது.

தாழையூத்துக்காரன்:

சரி தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். கிண்டல் இல்லை. எங்கள் சித்தப்பா மகளுக்குத் தையில் பேசுகிறார்கள். வரும் ஆனியில்தான் 18 முடிகிறது. போன் பண்ணினால் என் பேர் வெளியே வருமா? சித்தப்பா முகத்தில் நான் முழிக்கணும்.

ரதவீதி வக்கீல்:

1098க்குப் பேர் சொல்லாமலே பேசலாம் அண்ணன். மாவட்ட சமூக நல அலுவலர்தான் இதற்குத் தடுப்பு அலுவலர், கலெக்டர் ஆபீசில் நேரில் போயும் சொல்லலாம். பெண்ணின் பிறந்த தேதி, பள்ளி, வீட்டு அடையாளம் கொடுத்தால் போதும். ஆனால் பந்தக்கால் ஊன்றும் வரை காத்திருக்காதீர்கள், முக்கூடல் தங்கச்சி வீட்டுக் கடன் அப்படித்தான் வந்தது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்னே சொல்லுங்கள். அதற்கும் முன்னால், அஞ்சு மாசம் தள்ளிப்போட என்ன தடை என்று சித்தப்பாவிடமே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். என்ன காரணம் சொல்கிறார் என்று இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.

தாழையூத்துக்காரன்:

கேட்டேன். ஜாதகத்தில் குருபலன் தைக்குப் பிறகு இல்லையாம். சித்தி வாசல் வரை வந்து, “பிள்ள போன்ல யாருகிட்டயோ பேசுதா” என்றாள். நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ் போகிறேன்.