சாரா பார்ட்மன் சம்மதித்தாரா?

இளமாறன்:
சாரா பார்ட்மன் பற்றிய என் பதிவில், 1810-இல் லண்டனில் வந்த கேலிச்சித்திரம் ஒன்றையும் போட்டிருந்தேன். அதற்குத்தான் இத்தனை கோபம். தென்னாப்பிரிக்காவின் கொய்கொய் பழங்குடிப் பெண்ணான அவரை லண்டனில் காசு வாங்கிக் காட்சிப்பொருளாகக் காட்டினார்கள். கட்டாயப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று போட்ட வழக்கின் நீதிமன்ற விசாரணையில், விருப்பப்பட்டே வந்ததாகவும் வருமானத்தில் பங்கு உண்டென்றும் அவரே சொல்லியிருக்கிறார். வழக்கே தள்ளுபடி ஆனது. இருநூறு வருடத்துக்கு முந்தையவர்களை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?

கயல்விழி:
அன்றைய அளவுகோலாலேயே அளப்போம். அந்த வழக்கைப் போட்டவர்கள் யார்? அடிமை வணிகத்தை எதிர்த்த சக்கரி மெக்காலே போன்ற அதே காலத்து லண்டன்காரர்கள்தானே! லண்டனின் பிக்கடில்லி தெருவில் இரண்டு ஷில்லிங் கொடுத்துப் பார்க்க வந்தவர்கள் அவர் பின்புறத்தைத் தொட்டும் குத்தியும் பார்த்தார்கள். அது தவறென்று 1810-லேயே தெரிந்திருந்தது.

ஒப்பந்தம் என்கிறீர்கள். கேப் டவுனில் அவர் வேலைக்காரி. எழுதப் படிக்கத் தெரியாது. கூட்டிவந்தவரோ அவர் வேலை செய்த வீட்டுக்காரர்.

செந்தில்:
கயல், ஒரு சின்ன மறுப்பு. அவரை வெறும் பாவப்பட்டவராகவே காட்டுவதும் சரியில்லை. டச்சு பேசினார், ஆங்கிலமும் கொஞ்சம் தெரியும். 1811-இல் மான்செஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றார். சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் இருந்திருக்கலாம் அல்லவா?

இளமாறன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன். காசுக்காக வந்தார்.

கயல்விழி:
செந்தில் சொல்வதை ஏற்கிறேன். அவருக்கென்று மனசு இருந்தது. அதனால்தான் பிறகு அவரைக் கொண்டுபோன பாரிஸில் நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1815 மார்ச்சில் தாவரவியல் பூங்காவில் ஓவியர்களும் அறிவியலாளர்களும் அவரைச் சுற்றி நின்றார்கள். ஓவியத்துக்கு நின்றார், பிறப்புறுப்பைக் காட்ட மட்டும் மறுத்துவிட்டார். பிளான்வில் என்ற அறிஞர் பணம் தருவதாகச் சொல்லியும் மசியவில்லை. காசுக்காக எதையும் செய்பவர் என்றால் அன்று ஏன் மறுத்தார், இளமாறன்?

அந்த டிசம்பரிலேயே இறந்துபோனார். குவியே என்ற பிரெஞ்சு உடற்கூறியலாளர் உடலை அச்செடுத்து, அறுத்தார். உயிரோடு இருந்தபோது மறைத்ததை வெட்டி எடுத்து, மூளையோடு சேர்த்துப் புட்டியில் அடைத்தார். அவரது நினைவாற்றலைப் பாராட்டிய அதே அறிக்கையில் அசைவுகளைக் குரங்கோடு ஒப்பிட்டார். எலும்புக்கூடு 1970கள் வரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு இருந்தது. இதற்கெல்லாம் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள்?

செந்தில்:
அவரது உடல் எச்சங்களைத் திருப்பித் தரும்படி மண்டேலா 1994-இல் கேட்டார். பிரான்ஸ் தனிச் சட்டம் போட்டுத் திருப்பித் தர 2002 ஆனது. ஆகஸ்ட் 9, தென்னாப்பிரிக்க மகளிர் தினத்தில் அந்நாட்டின் ஹாங்கி ஊரில் அடக்கம் செய்தார்கள்.

இளமாறன்:
லண்டன் வழக்கைப் பற்றி என் கருத்து மாறவில்லை. அவர் சொன்ன சாட்சியத்தை நாம் தூக்கியெறிய முடியாது. ஆனால் பணத்தை மறுத்த செய்தி எனக்குத் தெரியாது. அதுவும் அவருடைய சாட்சியம்தான். கேலிச்சித்திரத்தை நீக்கிவிட்டேன்.